அண்ணத்தில் முளைத்த மருவும் கன்னத்தில் படிந்த வெள்ளையும்

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவருக்கு 41 வயது. உள்நாக்குக்குச் சற்று முன்னால், அண்ணத்தின் மெத்தென்ற பகுதியில், மிளகு அளவில் காலிஃபிளவர் பூ மாதிரி வெள்ளையாக ஒன்று முளைத்திருக்கிறது. வலி இல்லை. பல் டாக்டர் பார்த்துவிட்டு, "வைரஸால் வருகிற மரு, லேசரில் சுட்டு எடுத்துவிடலாம்" என்றாராம். இது புற்றுநோயாக மாறுமா, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா, பெரியவர்கள் சொல்கிறபடி சுண்ணாம்பு வைத்தால் உதிர்ந்துவிடுமா, எடுத்த பிறகு திரும்ப வருமா என்று கேட்கிறார். கடைசியில் அரை வரி சேர்த்திருக்கிறார்: "மாமியாருக்கும் கன்னத்துக்குள் வெள்ளையாகச் சொரசொரவென்று வருஷக்கணக்காக இருக்கிறது. வெற்றிலை புகையிலை போடுவார். அவரிடமிருந்துதான் இவருக்கு வந்ததா?"

நான் பல் மருத்துவம் படித்து, வாயிலிருந்து வெட்டி எடுக்கிற சதையைப் பரிசோதித்துச் சொல்கிற வேலையில் இருப்பவன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து வாய்களிலிருந்து வருகிற சின்னச் சின்னப் பாட்டில்கள்தான் என் அன்றாடம். அந்த அனுபவத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணவரின் மருவைப் பற்றி நீங்கள் பயந்து எழுதியிருக்கிறீர்கள், அது சுலபமாக முடிகிற விஷயம். மாமியாரைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

கணவருக்கு இருப்பது, நீங்கள் விவரிக்கிற தோற்றத்தை வைத்துப் பார்த்தால், பாப்பிலோமா என்று நாங்கள் சொல்கிற சாதாரணக் கட்டி. ஹியூமன் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., என்ற குடும்பத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. வாய்க்குள் வரும் இந்த மருவில் பெரும்பாலும் அகப்படுவது 6, 11 என்ற எண் கொண்ட வகைகள். வாயின் உள்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று போதும், வைரஸ் அடிமட்டத்துச் செல்லில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தச் செல்கள் வழக்கத்தைவிட வேகமாகப் பெருகி மேலே வருகின்றன. வைரஸ் நுழைந்ததற்கும் மரு கண்ணில் படுவதற்கும் நடுவே பல மாதங்கள் ஓடிவிடும். அதனால் போன வாரம் எங்கே சாப்பிட்டார், யார் தம்ளரில் குடித்தார் என்று பின்னோக்கித் தேடுவதில் பயன் இல்லை. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம் பார்க்கிறோம். அண்ணத்தின் பின்பகுதி, உள்நாக்கு, நாக்கு, உதடு ஆகியவை இதற்குப் பிடித்த இடங்கள். பொதுவாக ஒன்றே ஒன்றுதான் வரும், அரை சென்டிமீட்டர் அளவில் வளர்ந்து அப்படியே நின்றுவிடும்.

மைக்ரோஸ்கோப்பின் கீழ் இது பார்க்க அழகாகவே இருக்கும். விரல் விரலாக நீண்ட மடிப்புகள், ஒவ்வொன்றின் நடுவிலும் மெல்லிய ரத்தக்குழாய் ஓடுகிற தண்டு, அதன்மேல் ஒழுங்காக அடுக்கிய செல் வரிசை. மேல் அடுக்கில் சில செல்களின் கரு சுருங்கி, அதைச் சுற்றி வெளிறிய வளையம் தெரியும். வைரஸ் குடியிருந்ததற்கு அடையாளம் அது. எங்களுக்கு முக்கியம் என்னவென்றால், இந்த அடுக்கு அடித்தளத்தைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்காது. அடிக்கோடு அறுபடாமல் நேராக இருந்தால் நிம்மதியாக ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடலாம்.

இதே குடும்பத்தில் இன்னும் சிலவும் உண்டு. கைவிரலில் மரு இருக்கிற பிள்ளைகள் நகம் கடித்து, விரல் சூப்பி, அதே மருவை உதட்டுக்கும் நாக்கு நுனிக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். அதற்கு 2, 4, 57 வகைகள் காரணம், கையிலுள்ள மருவுக்கும் சேர்த்து வைத்தியம் பார்த்தால்தான் வாய் மரு அடங்கும். உடலுறவு வழியாகப் பரவுகிற மரு வாயில் வந்தால் ஒன்றாக நிற்காது, கொத்துக் கொத்தாக, அகன்ற அடியோடு வரும். குழந்தைகளிடம் அப்படிப் பார்த்தால், யார்மீதும் பழி போடாமல், பிள்ளையைப் பயமுறுத்தாமல், குழந்தை மருத்துவரிடம் காட்டிப் பாதுகாப்பையும் விசாரித்தே ஆக வேண்டும். பிரசவ வழியிலோ கையிலிருந்தோ வந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்பதால் இதில் அவசரத் தீர்ப்புக் கூடாது. 13, 32 வகைகளால் வரும் ஹெக் நோய் என்று ஒன்று உண்டு. அமெரிக்கப் பழங்குடிக் குழந்தைகளிடம் பார்த்து 1965இல் எழுதினார்கள். உதட்டின் உட்புறம் தட்டை தட்டையாகப் பல புடைப்புகள் வரும், பெரும்பாலும் தானே மறையும். நம் பக்கம் அபூர்வம்.

சரி, புற்றுநோயாகுமா? 6, 11 வகைகள் புற்றுநோய் உண்டாக்குகிற கூட்டத்தில் இல்லை. எச்.பி.வி. என்றதும் இணையத்தில் தேடி நடுங்குகிறார்கள். அங்கே வருவதெல்லாம் 16, 18 வகைகளின் கதை. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கும் இந்த வைரஸுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தொண்டையில், டான்சில் பகுதியில், அடிநாக்கில் வரும் சில புற்றுநோய்களுக்கும் 16ஆம் வகை காரணம். ஒரே குடும்பப் பெயர் என்பதற்காக ஒற்றை மருவையும் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாம். தனியாக, சின்னதாக, காம்போடு நிற்கிற பாப்பிலோமா புற்றாக மாறுவதில்லை. பயப்பட வேண்டிய ஒரே இடம், மரு என்று நாம் நினைத்தது மருவாக இல்லாமல் போகிற இடம். அதற்குப் பின்னால் வருகிறேன்.

ஒட்டுமா என்றால், கொஞ்சம் ஒட்டும், ஆனால் சுலபமாக ஒட்டாது. ஒரே வீட்டில் பல வருஷம் சேர்ந்து சாப்பிட்டு, ஒருவருக்கு மட்டும் மரு இருப்பதுதான் சகஜம். தட்டையும் தம்ளரையும் தனியாக ஒதுக்கி அவரை ஓரங்கட்ட வேண்டாம். மரு இருக்கும்வரை பிரஷ்ஷைப் பகிராமல், எச்சில் படுகிற முத்தத்தையும் வாய்வழி உறவையும் தவிர்த்தால் போதும்.

நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனாலும் இந்தக் கேள்வியைப் பல மனைவிமார்கள் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். வாயில் ஒரு பாப்பிலோமா வந்திருப்பது யாருடைய ஒழுக்கத்துக்கும் சாட்சி அல்ல. எச்.பி.வி. மனிதர்களில் பெரும்பாலோரை வாழ்நாளில் எப்போதாவது தொட்டுவிட்டுப் போகிற வைரஸ். பலருக்கு ஓரிரு வருஷத்தில் உடம்பே அதைத் துரத்திவிடும். எப்போது, எங்கிருந்து வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. இதை வைத்து வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள். அதனால் உடைந்த நிம்மதிக்கு எங்களிடம் தையல் இல்லை.

இனி வைத்தியம். விட்டுவைத்தால் என்ன என்று கேட்டால், உயிருக்கு ஒன்றும் ஆகாது. சில மரு தானே போவதும் உண்டு. ஆனால் வாய்க்குள் இருப்பது பெரும்பாலும் நின்றுவிடும், சாப்பிடும்போது உரசும், கடிபட்டால் ரத்தம் வரும், அதைவிடப் பெரிதாக, உள்ளே இருப்பது என்ன என்று தெரியாமலே இருக்கும். அதனால் எடுத்துவிடுவதே என் பக்கம்.

எடுக்கிற முறைகளில் கத்தியால் வெட்டுவதுதான் என் முதல் தேர்வு. பழைய முறைதான், இன்றும் அதற்கு மேலான ஒன்று இல்லை. மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். மருந்தோடு சேர்ந்திருக்கும் அட்ரினலின் ரத்தக்குழாயைச் சுருக்குவதால் அந்த இடம் இரண்டு நிமிஷத்தில் வெளுக்கும். மருவின் தலையைப் பிடித்துச் சும்மா இழுத்துக் கிள்ளுவது வெட்டுவது ஆகாது. காம்பு ஊன்றியிருக்கிற இடத்தைச் சுற்றி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து, கண் வடிவில் அடியோடு எடுக்க வேண்டும். வைரஸ் உட்கார்ந்திருப்பது அடிமட்டத்துச் செல்லில் என்று சொன்னேன் அல்லவா, அடியை விட்டுவிட்டு மேலே கொய்தால் திரும்ப முளைப்பதற்கு நாமே இடம் வைத்துவிடுகிறோம். அண்ணத்தின் மெத்தென்ற பகுதியில் ஒன்றோ இரண்டோ தையல் போதும். மொத்த வேலையும் அரை மணி நேரத்துக்குள் முடிந்து, அவர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.

லேசர் தப்பா? தப்பில்லை. ரத்தம் வராது, தையல் வேண்டாம், டாக்டருக்கும் பார்வை தெளிவாக இருக்கும். நம் ஊர்ப் பல் கிளினிக்குகளில் இருப்பது பெரும்பாலும் டயோடு லேசர். பெரிய இடங்களில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கும். ஆனால் லேசரை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். அடியில் கோடு போட்டு மருவை முழுசாக வெட்டி எடுப்பது ஒரு விதம். மேலேயிருந்து சுட்டுச் சுட்டுப் புகையாக்கிவிடுவது இன்னொரு விதம். இரண்டாவதைச் செய்தால் மருவும் போய்விடும், அது என்னவாக இருந்தது என்ற சாட்சியும் போய்விடும். முதல் தடவை வருகிற, இன்னும் பரிசோதிக்காத எதையும் அப்படிச் சுட்டு அழிக்கக் கூடாது என்பதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. கரன்ட் கத்தி என்று சொல்கிற எலக்ட்ரோகாட்டரிக்கும் இதே பேச்சுத்தான். சூட்டில் ஓரங்கள் கருகி வந்தால், நான் பார்க்க வேண்டிய அடிக்கோடே எனக்குத் தெரியாது. பிளேடால் வெட்டிவிட்டு, ரத்தம் நிறுத்த மட்டும் அடியில் லேசாகச் சுடலாம். இன்னொன்று, லேசர் புகையில் வைரஸின் மரபுப்பொருள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். டாக்டரும் உதவியாளரும் என்95 மாஸ்க் போட்டு, புகையைப் பக்கத்திலேயே உறிஞ்சியெடுக்க வேண்டும். அப்படிச் செய்கிற டாக்டர் என்றால் மற்ற விஷயங்களிலும் கவனமாக இருப்பார் என்று நம்பலாம்.

உறையவைத்து எடுப்பதும் ஒரு முறை. திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. நம் ஊர்க் கால்நடை மருத்துவமனையில் சினை ஊசிக் குச்சிகளைப் போட்டு வைத்திருக்கிறார்களே, புகை கக்குகிற அந்தக் கேன், அதே திரவம்தான். தோல் டாக்டர்கள் கை மருவுக்கு நிறையப் பயன்படுத்துகிறார்கள். வாய்க்குள் உதடு, நாக்கு நுனி போன்ற எட்டக்கூடிய இடங்களுக்குச் சரி, தொண்டை ஓரத்துக்கு எனக்குப் பிடிக்காது. இதிலும் பரிசோதிக்கச் சதை மிஞ்சாது. ஏற்கெனவே பயாப்சியில், அதாவது சதையை எடுத்துப் பார்க்கிற பரிசோதனையில், பாப்பிலோமா என்று உறுதியாகி, பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நல்ல துணை.

இமிக்விமோட் என்ற கிரீமைப் பற்றிச் சிலர் படித்துவிட்டுக் கேட்கிறார்கள். அது வெளித்தோல் மருவுக்கென வந்த மருந்து. வாய்க்குள் போடுவது நிபுணர் பொறுப்பில், வேறு வழியில்லாத இடத்தில் மட்டும். வெளித்தோல் மருவுக்குத் தடவுகிற போடோஃபில்லின் என்ற மருந்து வாய்க்குள் வேண்டவே வேண்டாம், விழுங்கினால் நரம்பையும் ஈரலையும் பதம்பார்க்கும். மருந்துக்கடையில் ஆணிக்கும் மருவுக்கும் கொடுக்கிற சாலிசிலிக் அமிலச் சொட்டும் அப்படியே, அது தோலுக்கானது.

சுண்ணாம்பு கேட்டிருந்தீர்கள். வைக்காதீர்கள். வெற்றிலையில் நகக்கண் அளவு தடவுகிற சுண்ணாம்பே கொஞ்சம் கூடினால் நாக்கு பொத்துப்போவது நமக்குத் தெரியும். அதை அண்ணத்தில் அப்பினால் காரத்தில் வெந்து புண்ணாகும். மரு கருகி விழுந்தது போலத் தோன்றும், அடி அங்கேயே இருக்கும். எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால், குதிரைமுடி கட்டுவது எல்லாம் வெளித்தோலில் செய்து பழகியவை. எருக்கம்பால் கண்ணில் பட்டாலே ஆபத்து, தொண்டைக்குள் இறங்கினால் சொல்லவே வேண்டாம். முடி கட்டினால் மரு அழுகி, ராத்திரி தூக்கத்தில் அறுந்து, நீங்கள் விழுங்கிவிடுவீர்கள். பரிசோதிக்க என்ன இருக்கும்? ஹோமியோபதியில் கொடுக்கிற தூஜா மாத்திரையைப் பலர் சாப்பிடுகிறார்கள். அது வேலை செய்கிறது என்று நம்ப வைக்கிற ஆதாரம் எனக்குக் கிடைத்ததில்லை. அதைச் சாப்பிட்டுக்கொண்டு ஆறு மாசம் காத்திருப்பதுதான் எனக்குக் கவலை.

வைத்தீஸ்வரன் கோயிலில் மருவுக்கு உப்பும் மிளகும் போட்டு, குளத்தில் வெல்லம் கரைப்பதாக வேண்டிக்கொள்வது நம் குடும்பங்களில் தலைமுறை வழக்கம். தாராளமாகப் போய்வாருங்கள். பயந்த மனசுக்கு அது பெரிய ஆறுதல், அதை யாரும் பிடுங்க வேண்டியதில்லை. டாக்டரிடம் தேதி வாங்கிவிட்டுப் போங்கள், அவ்வளவுதான் நான் கேட்பது.

இப்போது பாட்டில் விஷயம். வெட்டி எடுத்த சதையை என்ன செய்கிறார்கள் என்று தயவுசெய்து கேளுங்கள். "இது சாதாரண மருதான், டெஸ்டுக்கு எதற்கு வீண்செலவு" என்று குப்பைத் தொட்டியில் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பத்து சதவீத ஃபார்மலின் கரைசல், சதையின் அளவைப்போலப் பத்து மடங்காவது, வாய் அகன்ற சின்ன டப்பாவில் இருக்க வேண்டும். எடுத்த உடனே அதில் போட வேண்டும். உப்புத் தண்ணீரில் மிதந்தபடி, பஞ்சில் சுற்றிக் காய்ந்தபடி, குறுகிய வாய்ப் பாட்டிலில் திணித்து நசுங்கியபடி எனக்கு வந்த சதைகள் ஏராளம். ஒருமுறை காலையில் வெட்டியதைச் சலைனில் போட்டுச் சாயங்காலம் பஸ்ஸில் கொண்டுவந்தார்கள், சித்திரை வெயில், மூடியைத் திறந்ததுமே நாற்றம் சொல்லிவிட்டது. அந்த மனிதருக்கு இரண்டாம் முறை ஊசி போட்டு மீண்டும் வெட்ட வேண்டியதாயிற்று. டப்பாவின் உடம்பில், மூடியில் அல்ல, பெயர், வயது, எடுத்த இடம், தேதி எழுதி ஒட்டியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். மூடிகள் மாறிப்போகும். வெற்றிலை, புகையிலைப் பழக்கம் உண்டா என்பதைக் கூடவரும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆகலாம். அதை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வெட்டுவதற்கு முன் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளட்டும். இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் தானாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும். அன்றைக்கு இளநீர், ஆறிய கஞ்சி, தயிர் சாதம். சூடான காபி மறுநாளுக்கு. மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், காறிக் காறித் துப்பக் கூடாது. லேசர் செய்திருந்தால் புண்மேல் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு படலம் படியும். சீழ் பிடித்துவிட்டது என்று பயந்து சுரண்டுகிறார்கள். அது சீழ் இல்லை, ஆறுகிற புண்ணின் போர்வை, தானே கழன்றுவிடும். கத்தியால் செய்தது ஒன்றிரண்டு வாரத்திலும், லேசரில் செய்தது இன்னும் கொஞ்சம் தாமதமாகவும் ஆறும்.

திரும்ப வருமா? ஒற்றைப் பாப்பிலோமாவை அடியோடு எடுத்தால் வருவது குறைவு. மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து ஒருமுறை கண்ணாடி முன் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தாலோ, ஒரே நேரத்தில் பல இடங்களில் வந்தாலோ, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை விசாரிக்க வேண்டும். எச்.ஐ.வி. இருப்பவர்களிடமும், மாற்றுச் சிறுநீரகம் போன்றவற்றுக்காக எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களிடமும் இந்த மரு அடங்காமல் வரும். அரசு மருத்துவமனையிலுள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. சோதனையை இலவசமாக, ரகசியமாகச் செய்கிறார்கள். உங்கள் கணவருக்கு ஒன்றே ஒன்றுதான் என்பதால் இதை நினைத்து இப்போதே கலங்க வேண்டியதில்லை. மருவோடு குரலும் கம்மியிருந்தால் மட்டும் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், குரல்வளையிலும் இதே 6, 11 வகைகள் மரு உண்டாக்கும்.

இப்போது உங்கள் மாமியார். முதலில் உங்கள் கேள்விக்குப் பதில்: அவரிடமிருந்து மகனுக்கு வந்திருக்காது. இரண்டும் பார்க்க வெள்ளையாக, சொரசொரப்பாக இருக்கலாம், இரண்டும் வேறு வேறு. வருஷக்கணக்காகப் புகையிலை அடக்குகிற ஒருவருக்குக் கன்னத்தின் உள்ளே அகலமாகப் படர்ந்திருக்கும் வெள்ளைத் தடிப்பை, வைரஸ் மரு என்று நினைத்து ஆறுதல்பட எந்த நியாயமும் இல்லை. நான் பார்க்காமல் பெயர் சொல்ல மாட்டேன். ஆனால் எதையெல்லாம் நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று சொல்ல வேண்டியது கடமை.

ஒன்று லூக்கோபிளேக்கியா என்கிற வெள்ளைப் படலம். துடைத்தால் போகாது. எல்லாம் புற்றாக மாறுவதில்லை, சில மாறும். எது மாறும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்று வெருக்கஸ் கார்சினோமா. வெருக்கஸ் என்றால் மரு மாதிரியான என்று பொருள். பெயரிலேயே மரு இருக்கிறது, ஆனால் அது புற்றுநோய். 1948இல் ஆக்கர்மேன் என்ற அமெரிக்க நோயியல் மருத்துவர் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். புகையிலை அடக்குகிற வயதானவர்களுக்கு, எந்தக் கன்ன ஓரத்தில் அடக்குகிறார்களோ அங்கேயே, வெள்ளையாக மரு மருவாகப் படர்ந்து வரும். மெதுவாக வளரும், ஆரம்பத்தில் வலிக்காது, அதனாலேயே யாரும் காட்ட மாட்டார்கள். நல்ல செய்தி, இது கழுத்து நெறிக்கட்டிக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவுவது மிக அரிது. நேரத்தோடு முழுசாக வெட்டினால் ஆயுசு கெட்டி. விட்டுவிட்டால் தாடை எலும்பை அரிக்கும், சிலருக்கு வேகமாகப் பரவுகிற சாதாரண வாய்ப்புற்றும் அதற்குள்ளேயே கலந்து இருக்கும்.

கணவரின் மருவுக்கு நான் இவ்வளவு தூரம் அடியோடு, அடியோடு என்று சொன்னதன் முழு அர்த்தமும் இங்கேதான் இருக்கிறது. வெருக்கஸ் கார்சினோமாவின் மேல்பகுதியை மட்டும் கிள்ளி அனுப்பினால், மைக்ரோஸ்கோப்பில் அது சாதுவான மருவைப் போலவே தெரியும். செல்கள் ஒழுங்காகத்தான் இருக்கும். குற்றம் தெரிவது அடியில், தடித்த மடிப்புகள் மொத்தமாகக் கீழே அழுத்தி இறங்குகிற இடத்தில். "மரு, பயமில்லை" என்ற மேலோட்டமான பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிட்டு, வாய் திறக்க முடியாமல் வந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பழைய ஸ்லைடை வாங்கிப் பார்த்தால் அதில் அடியே இருக்காது. அதனால் மாமியாருக்குப் பயாப்சி செய்கிற டாக்டரிடம், ஓரமும் அடியும் வருகிற மாதிரி ஆழமாக எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். படர்ந்து பெரிதாக இருந்தால் இரண்டு மூன்று இடத்தில் எடுப்பது நல்லது. அங்கே லேசரால் சுடுவதற்கு, ரிப்போர்ட் வரும்வரை, ஒருவருக்கும் அனுமதி கொடுக்காதீர்கள்.

"கத்தி பட்டால் பரவிவிடும்" என்று அவர் சொல்வார். நம் பக்கத்தில் அத்தனை பேரும் சொல்கிறார்கள். பயாப்சியால் வாய்ப்புற்று பரவுவதில்லை. முற்றிப்போன பிறகு வந்து, கத்தி வைத்த கொஞ்ச நாளில் இறந்துபோனவர்களைப் பார்த்து எழுந்த பயம் அது. அவர்களைக் கொன்றது தாமதம்.

வெற்றிலையை நிறுத்தச் சொன்னால் சண்டை வரும், தெரியும். திருவையாறு, பாபநாசம் பக்கம் கொடிக்கால் வைத்துப் பிழைக்கிற மண்ணில் இருந்துகொண்டு அந்த இலைமேல் எனக்குக் கோபம் இல்லை. கெடுதல் புகையிலையிலும் பாக்கிலும். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட அறிக்கையில் சொல்லிவிட்டது. முதலில் புகையிலையை விடட்டும், அடக்கிக்கொண்டு தூங்குகிற பழக்கம் இருந்தால் அதை இன்று ராத்திரியே விடட்டும். பிறகு பாக்கு.

இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண், வெள்ளைக்கு நடுவே சிவப்புத் திட்டு, தொட்டால் அடியில் கெட்டி, தானாக ரத்தம், வாய் திறக்கச் சிரமம், உதடு மரத்தல், கழுத்தில் கட்டி. இதில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே போங்கள், ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த மாதத்துக்குள் போங்கள்.

எங்கே போவது? பக்கத்து அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலேயே தொடங்கலாம், அங்கிருந்து எழுதிக்கொடுப்பார்கள். திருவாரூர், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிகள் உங்களுக்குக் கிட்டத்தில் இருக்கின்றன. பல் மருத்துவக் கல்லூரி என்றால் சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ புதுக்கோட்டையிலோ உள்ள அரசுக் கல்லூரி. அங்கே வெட்டுகிறவரும் பரிசோதிக்கிறவரும் ஒரே கட்டடத்தில் இருப்பார்கள், பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நீங்கள் அலைய வேண்டியதில்லை. புற்று என்று உறுதியானால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டையை எடுத்துப்போங்கள்.

வீட்டில் பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ 9 வயதிலிருந்து 14 வயதுக்குள் இருந்தால் எச்.பி.வி. தடுப்பூசியைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். 2023இல் நம் நாட்டிலேயே தயாராகி வந்த செர்வாவேக்கில் 6, 11, 16, 18 நான்கும் அடக்கம். அந்த வயதில் இரண்டு ஊசி போதும். கணவருக்கு இருக்கிற மருவை அது கரைக்காது, பிள்ளைகளுக்கு வராமல் தடுக்கும்.

மாமியார் தனியாகக் கிளம்ப மாட்டார் என்றால், மகனுக்கு வாயில் சின்ன ஆபரேஷன், துணைக்கு வாருங்கள் என்று கூப்பிடுங்கள். அது பொய்யும் இல்லை. அங்கே போனதும் இரண்டு பேருக்கும் சீட்டுப் போட்டுவிடுங்கள். டாக்டர் மகன் வாயைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் கன்னத்தைப் பார்க்கட்டும். பொய்ப்பல் செட் வைத்திருந்தால் கழற்றிவிட்டுக் காட்டச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் புகையிலை அடக்குவார் என்பதை அவரே சொல்லட்டும், எத்தனை வருஷமாக என்பதையும். ரிப்போர்ட் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாக என்ன சொல்கிறது என்று விளக்குகிறேன்.